எல்.வி.என். படிப்பதா, ஆர்.என். படிப்பதா: வேலை எங்கே இருக்கிறது?

டாலஸ் பக்கம் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது, ஊரில் பி.காம். முடித்தவர், சின்னவன் இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒரே வருடத்தில் எல்.வி.என். (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ், ஆர்.என்.-க்கு ஒரு படி கீழே) முடித்து உடனே வேலைக்குப் போய்விட்டார், நானும் அதையே செய்யலாமா, இல்லை ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) தான் படிக்க வேண்டுமா, எதற்கு வேலை அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமா முடித்த நாத்தனார் இங்கே எல்.வி.என். ஆக வர முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் சொல்கிறேன். முதியோர் இல்லத்திலும் அப்புறம் மருத்துவமனையிலும் ஆர்.என். ஆக வேலை பார்த்தவள் நான், எல்.வி.என்.-களோடு தினமும் தோளோடு தோள் நின்றவள், அதனால் இதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் வேலை கிடைக்கும், ஆனால் எல்.வி.என்.-க்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி சில குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்கிறது, சம்பளமும் அந்த இடங்களின் வரும்படிக்குள் அடங்கிவிடுகிறது. குடும்பத்தை மூன்று வருடம் ஒரே சம்பளத்தில் ஓட்ட முடியும் என்றால் நேராக ஆர்.என். போங்கள். முடியாது, ஒன்றரை வருடத்துக்குள் கையில் காசு வந்தே ஆக வேண்டும் என்றால் எல்.வி.என். போகலாம், தப்பே இல்லை, ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

(டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் எல்.வி.என். என்கிறார்கள், மற்ற மாநிலங்களில் எல்.பி.என். அதே என்.சி.எல்.ஈ.எக்ஸ்.-பி.என். உரிமத் தேர்வுதான், அதே நிலை உரிமம்தான்.)

எண்களைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2024 மே மாதத்துக்குச் சொன்ன இடைநிலைச் சம்பளம் ஆர்.என்.-க்கு வருடம் 93,600 டாலர், எல்.பி.என்., எல்.வி.என்.-க்கு 62,340 டாலர். மணிக்கணக்கில் 45 டாலரும் 30 டாலரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 2033 வரையிலான பத்தாண்டில் ஆர்.என். வேலைகள் 6 சதவீதம் கூடும், எல்.பி.என். வேலைகள் 3 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. ஆண்டுதோறும் காலியாகும் இடங்கள் சராசரியாக ஆர்.என்.-க்கு 1,94,500, எல்.பி.என்.-க்கு 54,400.

இந்தக் காலியிட எண்ணைத்தான் நர்சிங் பள்ளிகள் விளம்பரத்தில் போட்டு ஆட்களைப் பிடிக்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். நாடு முழுக்க எல்.பி.என்.-கள் சுமார் ஆறரை லட்சம் பேர், ஆர்.என்.-கள் 33 லட்சம் பேர். அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் எல்.பி.என். பக்கம் வருடத்துக்கு நூற்றுக்கு எட்டு இடம் காலியாகிறது, ஆர்.என். பக்கம் நூற்றுக்கு ஆறு கூட இல்லை. வளர்ச்சி பாதிதான், காலியிடம் மட்டும் விகிதத்தில் அதிகம். ஏன்? இருக்கிறவர்கள் வெளியே போகிறார்கள். சிலர் ஓய்வு பெறுகிறார்கள், சிலர் படித்து ஆர்.என். ஆகிவிடுகிறார்கள், சிலர் உடம்பு தாங்காமல் நர்சிங்கையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே எல்.வி.என். வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்வது முழு உண்மை. அந்த வேலையில் நிலைத்து நிற்பது எப்படி என்பதையும் அவரிடமே கேளுங்கள், நிச்சயம் சொல்வார்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? ஆர்.என்.-களில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 58 சதவீதம் பேர், மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். எல்.பி.என்.-களில் மருத்துவமனையில் இருப்பவர்கள் 15 சதவீதத்தை ஒட்டித்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முதியோர் பராமரிப்பு இல்லங்களில், மீதியில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்சிங்கிலும் டாக்டர்களின் கிளினிக்குகளிலும். டெக்ஸாஸில் சிறை மருத்துவப் பிரிவுகளிலும் எல்.வி.என்.-களை எடுக்கிறார்கள். டயாலிசிஸ், ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு), பள்ளிக்கூடங்கள் என்று இன்னும் சில இடங்கள் உண்டு.

முதியோர் இல்லத்தில் ஏன் இவ்வளவு பேர் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1987-இல் வந்த மத்திய அரசுச் சீர்திருத்தச் சட்டப்படி ஓர் இல்லத்தில் நாளுக்குத் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஆர்.என். இருக்க வேண்டும், ஆனால் 24 மணி நேரமும் யாராவது ஓர் உரிமம் பெற்ற நர்ஸ் இருந்தாக வேண்டும், அது எல்.வி.என். ஆகவும் இருக்கலாம். அந்த எட்டு மணி நேரம் போக மிச்சம் இருக்கும் சாயங்காலம், ராத்திரி, விடியற்காலை எல்லாமே எல்.வி.என்.-களின் தோளில்தான் ஓடுகிறது. ஒரு எல்.வி.என். சார்ஜ் நர்ஸ், கூட சில சி.என்.ஏ.-க்கள் (நர்சிங் உதவியாளர்கள்), 25, 30 முதியவர்கள். காலை மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினால் ஒவ்வொருவருக்கும் எட்டுப் பத்து மாத்திரை, சிலருக்குப் பொடித்து ஆப்பிள் சாஸில் கலந்து, சிலருக்கு வயிற்றுக் குழாய் வழியாக, நடுவில் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும், அதற்குள் ஒருவர் விழுந்திருப்பார், ஒருவருடைய மகள் போனில் காத்திருப்பார். இதைத் திறமையாகச் செய்யும் எல்.வி.என்.-களை நான் பார்த்திருக்கிறேன், இந்த நாட்டின் முதியவர்களை உண்மையில் தாங்கிப் பிடித்திருப்பது அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைக்கும் கூலியும் மரியாதையும் போதாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கூலி ஏன் ஏறமாட்டேன் என்கிறது? இந்த இல்லங்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குச் செலவைக் கொடுப்பது மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. மாநிலம் நிர்ணயிக்கும் அந்தத் தினசரித் தொகைக்குள்தான் இல்லத்துக்காரர் சாப்பாடு, கட்டிடம், ஆள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். மூச்சுக்குழாய் போட்ட குழந்தைகளை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் பிரைவேட் டியூட்டி வேலைக்கும் காசு பெரும்பாலும் அங்கிருந்துதான். எனவே எல்.வி.என். சம்பளம் உங்கள் திறமையோடு சேர்ந்து ஏறுவதை விட மாநில பட்ஜெட்டோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகிறது.

இதில் இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. 2024-இல் மத்திய அரசு முதியோர் இல்லங்களுக்கு ஆள் எண்ணிக்கை விதி ஒன்று கொண்டுவந்தது. ஒரு முதியவருக்கு நாளுக்கு மொத்தம் 3.48 மணி நேரப் பராமரிப்பு, அதில் ஆர்.என். நேரம் 0.55, உதவியாளர் நேரம் 2.45, கூடவே 24 மணி நேரமும் ஓர் ஆர்.என். எல்.வி.என்.-க்கு என்று தனியாக ஒரு நிமிடம் கூட ஒதுக்கவில்லை, மிச்சமிருக்கும் அரை மணி நேரத்துக்குள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் டெக்ஸாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் இந்த விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது, அதே வருடம் ஜூலையில் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் 2034 வரை அதை அமல்படுத்தக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. ஆக இப்போதைக்கு எல்.வி.என். வேலைக்கு ஆபத்து இல்லை. ஆனால் கொள்கை வகுப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து யோசித்தபோது எல்.வி.என்.-ஐ எங்கே வைத்தார்கள் என்று இதில் தெரிந்துவிட்டது, இருபது முப்பது வருடம் வேலை பார்க்கப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேவை குறையுமா என்றால் குறையாது. இங்கே பேபி பூமர் என்று சொல்லும் தலைமுறை 1946-இல் பிறக்க ஆரம்பித்தது, அதில் மூத்தவர்கள் 2026-இல் எண்பதைத் தொடுகிறார்கள். முதியோர் இல்லமும் வீட்டு நர்சிங்கும் அதிகம் தேவைப்படும் வயது அதுதான்.

மருத்துவமனைகள் எல்.வி.என்.-களைக் குறைத்ததற்குக் காரணம், சட்டப்படி அவர்கள் எதைச் செய்யலாம் என்பதில் இருக்கிறது. டெக்ஸாஸ் நர்சிங் வாரியத்தின் விதிப்படி எல்.வி.என். குறிப்பிட்ட பிரச்சினையை மட்டும் பார்க்கும் மதிப்பீடு செய்யலாம், நோயாளியை முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் போடுவது ஆர்.என். வேலை. எல்.வி.என். எப்போதும் ஓர் ஆர்.என்., டாக்டர் போன்றவர்களின் மேற்பார்வையில்தான் வேலை பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றுவது, நரம்பில் நேரடியாக மருந்து செலுத்துவது, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் போடும் குழாய்) இதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம், மருத்துவமனைக்கு மருத்துவமனை கட்டுப்பாடு மாறும், பெரும்பாலும் ஆர்.என்.-தான் வந்து செய்ய வேண்டும். நோயாளிகள் நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடும் இந்தக் காலத்தில் உள்ளே படுத்திருப்பவர்கள் எல்லோருமே தீவிர நிலையில் இருப்பவர்கள், எல்.வி.என்.-இடம் ஐந்து பேரைக் கொடுத்தால் அந்த ஐந்து பேருக்கும் பாதி வேலையை இன்னொரு ஆர்.என். வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நிர்வாகம் கணக்குப் போட்டு ஆர்.என்.-ஆகவே எடுத்துவிடுகிறது. இது போதாதென்று 2010-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்றது, பெரிய மருத்துவமனைகள் அந்தத் திசையில் ஓடின. நியூயார்க் 2017-இல் சட்டமே போட்டது, புதிதாக வரும் ஆர்.என். பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று.

கோவிட் சமயத்தில் ஆள் பஞ்சம் வந்தபோது சில மருத்துவமனைகள் பழையபடி ஓர் ஆர்.என்., ஓர் எல்.வி.என்., ஒரு சி.என்.ஏ. சேர்ந்த குழு முறைக்குத் திரும்பின, இப்போதும் சில இடங்களில் அது தொடர்கிறது. கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பி எல்.வி.என். சேராதீர்கள், ஆர்.என். கிடைக்க ஆரம்பித்ததும் முதலில் மூடும் கதவு அது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. எல்.வி.என். படிப்பு ஏறக்குறைய ஒரு வருடம். கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்னும் இரண்டு வருட ஆர்.என். படிப்புக்கு முன்னால் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று முன்பாடங்கள் ஒரு வருடம் பிடிக்கும், ஆக மூன்று. எல்.வி.என். போனால் இரண்டு வருடம் முன்கூட்டியே சம்பாதிக்க ஆரம்பிப்பீர்கள், இடைநிலைச் சம்பளப்படி ஒன்றேகால் லட்சம் டாலர் முன்னால் இருப்பீர்கள். ஆர்.என். ஆனவருக்கு அதன் பிறகு வருடத்துக்கு 31,000 டாலர் கூட வரும், நாலு வருடத்தில் அந்த முன்னிலை கரைந்துவிடும். ஆரம்பத்தில் இருவருக்குமே இடைநிலையை விடக் குறைவாகத்தான் கிடைக்கும், இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது. உங்கள் வயதுக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் வேலை பார்ப்பீர்கள். அந்தத் தூரத்தில் பார்த்தால் எல்.வி.என். முன்னிலை மிகச் சின்னது.

பணத்தை விடப் பெரிய வித்தியாசம், முதுகு வலிக்க ஆரம்பிக்கும் வயதில் தெரியும். ஆர்.என்.-க்கு நோயாளியைத் தூக்காத வேலைகளுக்குப் போக வழி இருக்கிறது: கேஸ் மேனேஜ்மென்ட், காப்பீட்டு நிறுவனத்தில் பரிசீலனை, தொற்றுத் தடுப்பு, பயிற்சி கொடுப்பது. மேலே படித்தால் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ்), அந்த வேலை பத்தாண்டில் 40 சதவீதம் வளரும் என்று கணித்திருக்கிறார்கள். எல்.வி.என்.-க்கு இப்படிப்பட்ட நாற்காலி வேலைகள் கொஞ்சம் உண்டு, ஆனால் அதிலும் கடைசிக் கையெழுத்து ஆர்.என். போட வேண்டியதாக இருக்கும். முதியோர் இல்லத்தில் எம்.டி.எஸ். என்ற மதிப்பீட்டுப் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எல்.வி.என். முழுக்க நிரப்பலாம், முடிந்தது என்று சான்றளித்துக் கையெழுத்திடுவது ஆர்.என்.

எல்.வி.என். முடித்து வேலை பார்த்துக்கொண்டே பிரிட்ஜ் படிப்பில் ஆர்.என். ஆகிவிடலாமே என்பார்கள். ஆகலாம், நிறையப் பேர் ஆகியிருக்கிறார்கள், பிரிட்ஜ் ஒரு வருடம், ஒன்றரை வருடம். ஆனால் அதே முன்பாடங்களை அப்போதும் முடித்தே ஆக வேண்டும். சம்பளம் வர ஆரம்பித்து, கார் லோன் வாங்கி, 12 மணி நேர ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துவிட்டு நுண்ணுயிரியல் புத்தகத்தைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் சேர்கிறேன் என்று சொல்லியே காலம் தள்ளிய தோழிகள் எனக்கு உண்டு, அவர்கள் சோம்பேறிகள் இல்லை, வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை. அதனால் என் யோசனை: எது சேர்வதென்று முடிவு பண்ணுவதற்கு முன்பே இந்த முன்பாடங்களை கம்யூனிட்டி காலேஜில் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பியுங்கள். ஆர்.என். போனாலும் உதவும், எல்.வி.என். போய் பிரிட்ஜ் எடுத்தாலும் உதவும். மதிப்பெண் ஏ வாங்குங்கள், ஏனென்றால் இடம் கிடைப்பதே அதை வைத்துத்தான்.

ஆமாம், ஆர்.என். இடம் கிடைப்பது உண்மையிலேயே கஷ்டம், இதை மறைக்க விரும்பவில்லை. 2023-இல் மட்டும் பட்டம் தரும் நர்சிங் கல்லூரிகள் தகுதியுள்ள 65,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை இடமில்லை என்று திருப்பி அனுப்பின. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை, பயிற்சிக்கு மருத்துவமனை இடம் போதவில்லை. ஒரே கல்லூரியை நம்பாமல் நாலைந்து இடத்துக்கு விண்ணப்பியுங்கள், டெக்ஸாஸில் பல கல்லூரிகள் ஹெசி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கும், அதற்குத் தனியாகத் தயார் பண்ணுங்கள்.

உங்கள் பி.காம். பட்டத்தை வீணாக நினைக்காதீர்கள். வேறு துறையில் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் முடியும் துரித பி.எஸ்.என். படிப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில கல்லூரிகள் முழு இளங்கலைப் பட்டமாக ஏற்கும், சில ஏற்காது. டபிள்யூ.ஈ.எஸ். மாதிரி மதிப்பீட்டு நிறுவனத்தில் சான்றிதழை அனுப்பி மதிப்பிட்டு வாங்குங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் கேள்வியே மாறிவிடும்.

தனியார் பள்ளிகள் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். காத்திருப்புப் பட்டியல் இல்லை, அடுத்த மாதமே சேரலாம் என்று கூப்பிடுவார்கள், கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைப் போல பல மடங்கு வாங்குவார்கள், அங்கே படித்த பாடங்களை அப்புறம் வேறு கல்லூரி ஏற்காமலும் போகலாம். டெக்ஸாஸ் நர்சிங் வாரியம் ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது, முதல் முறை எழுதுபவர்களில் 80 சதவீதம் தேற வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல், சேர்வதற்கு முன் நாலைந்து வருடத்து எண்ணைப் பாருங்கள். படிக்காமலே சான்றிதழ் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்ற வழக்கு வெளியே வந்தது, ஆர்.என்., எல்.பி.என். இரண்டுக்கும் விற்றிருந்தார்கள். அதை வாங்கியவர்களைப் பல மாநில வாரியங்கள் தேடிப்பிடித்து உரிமத்தைப் பறித்தன.

யாருக்கு எல்.வி.என். சரி என்று நினைக்கிறேன்? வீட்டில் இன்னொரு சம்பளம் உடனே தேவைப்படுபவருக்கு. வயதானவர்களோடு இருப்பதை உண்மையாகவே விரும்புபவருக்கு. பிரிட்ஜ் படிப்புச் செலவை ஏற்கும் முதலாளி கையெழுத்துப் போட்டுத் தந்தால். ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் துறைக்கு வருபவருக்கு. இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அந்த ஒரு வருடத்தை ஆர்.என்.-க்கான முன்பாடங்களில் போடுங்கள். இடையில் சி.என்.ஏ. பயிற்சி எடுத்துப் பகுதிநேரமாக வேலை பார்த்தால் இன்னும் நல்லது, அதற்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்தான், மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம். நர்சிங் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வேறு மாநிலத்தில் வேலை பார்க்க முடியுமா என்ற கவலை வேண்டாம். டெக்ஸாஸ் பல மாநில உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆர்.என்., எல்.வி.என். இரண்டுக்குமே அது செல்லும், ஆனால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை.

இப்போது நாத்தனார். அவர் எல்.வி.என். பக்கமே வர வேண்டாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் நேரடியாக என்.சி.எல்.ஈ.எக்ஸ்.-ஆர்.என். உரிமத் தேர்வுக்கு முயற்சி செய்யலாம், இந்தியாவிலேயே எழுதலாம். குடியேற்றச் சட்டத்தில் ஆர்.என். வேலைக்கு ஷெட்யூல் ஏ என்ற தனிச் சலுகை இருக்கிறது, முதலாளி அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் விளம்பரம் போட்டு நிரூபிக்கத் தேவையில்லை. எல்.பி.என்.-க்கு அந்தச் சலுகை கிடையாது, ஹெச்-1பி விசாவும் கிடைக்காது, அவ்வளவு சிரமப்பட்டு எந்த முதலாளியும் அழைத்துவர மாட்டார். ஆனால் ஆர்.என்.-க்கும் இந்தியர்களுக்கான ஈ.பி.-3 என்னும் வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது, இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணவர் வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டு வரிசையில் போகலாம், இல்லையென்றால் இப்போதே தேர்வை முடித்து மனு போட்டு வரிசையில் ஒரு தேதியைப் பிடித்து வைப்பதுதான் வழி. முதல் வேலையாக, படித்த நர்சிங் பள்ளியிலிருந்து பாடவாரியாக வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் போட்ட மதிப்பெண் பட்டியலை வாங்கச் சொல்லுங்கள், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பைச் சரிபார்க்கும் சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) இந்தத் தாள்களைப் பள்ளியிடமிருந்தும் கவுன்சிலிடமிருந்தும் நேரடியாகக் கேட்கும், பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் தாமதமாவது அந்த இடத்தில்தான்.